செவலை நின்ற இடம்

மணிமதில் நகரத்து மன்னனும் வீரர்களும் போருக்குக் கிளம்பும்போது, கோட்டை வாசலில் குதிரைமேல் இருந்தபடியே, "ஆயுதம் இழந்தவனைத் தொடமாட்டோம்" என்று சத்தியம் செய்வார்கள். அன்று களத்தில், வாளைப் பறிகொடுத்து ஓடிய எதிரி ஒருவனை மன்னன் துரத்தினான். பாதி வழியில் மன்னனுடைய குதிரை செவலை சட்டென்று நின்றுவிட்டது.

"ஓடு! அடிபட்டே சாகப்போகிறாயா?" என்று மன்னன் கையிலிருந்த வேல் குதிரையிடம் பதறிக் கேட்டது. "சத்தியம் செய்தவர் அவர். நமக்கென்ன வந்தது?"

"சத்தியம் செய்தபோது அவர் உட்கார்ந்திருந்தது என் முதுகில்தானே?" என்றது செவலை. "கேட்ட காது இரண்டும் இன்னும் என் தலையில்தான் இருக்கின்றன."

சாட்டை விழுந்தது. செவலை அசையவில்லை. மறுபடியும் விழுந்தது. அது முன்னங்கால்களை மடக்கி, மன்னனை மரியாதையாகத் தரையில் இறக்கிவிட்டு, வேலிடம் சொன்னது:

"கொன்றுதான் தீரவேண்டுமென்றால், நடந்து போய்க் கொல்லட்டும்."