ஐம்பது சீன எழுத்துகள்

1932 ஆனி மாதம் இரணியலில் எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை நடந்தபோது இருந்தவர்கள் ஐந்து பேர்: சபை மூப்பரான நான், என் மனைவி ஞானம்மாள், போதகர் இஸ்ரவேல், சீனாவில் ஊழியம் செய்து திரும்பிய மிஸ்ஸியம்மா, என் மகள் சுகிர்தபாய்.

குழந்தைப் பருவத்தில் அவளுக்கு வாந்திபேதி கண்டபோது, பிழைத்தால் அவளைச் சீன ஊழியத்துக்கு அனுப்புவதாகச் சபைமுன் பொருத்தனை செய்திருந்தேன். மிஸ்ஸியம்மா ஆறு மாதம் கற்றுக்கொடுத்த ஐம்பது சீன எழுத்துகளை எழுதித் தேறினால் அடுத்த மாதம் கப்பல்.

"பொருத்தனை பண்ணுனது நீங்க. கப்பல் ஏற வேண்டியது நானா அப்பா?"

"நம்ம குடும்பத்துல வாக்கு மாறுனவன் கிடையாது. பேசாம இருந்து எழுதுட்டி."

எழுதினாள். ஐம்பது எழுத்துகளும் அச்சடித்ததுபோல் நின்றன. போதகரைப் பெருமையுடன் பார்த்தேன்.

மிஸ்ஸியம்மா தலையை ஆட்டினார். "எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு அடுத்து என்று சீன எழுத்துக்கு முறை உண்டு. ஒன்றில்கூட அது சரியில்லை. இவளை அனுப்ப முடியாது, மூப்பரே."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றாள் ஞானம்மாள். நான் திரும்பிப் பார்த்ததும் காப்பி எடுக்கப் போய்விட்டாள்.

மூப்பர் மகள் மண்டு, ஆறு மாதம் படித்தும் ஏறவில்லை என்று கோட்டாறு வரை பேசுகிறார்கள். அது பொய். ஐம்பது எழுத்தையும் அவள் கடைசிக் கோட்டில் தொடங்கி, முதல் கோட்டில் முடித்தாள், ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆறு மாதப் பாடத்தையும் அன்றைய பரீட்சையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்; மிஸ்ஸியம்மா முறையைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சரியான முறையை முழுக்க மனப்பாடம் செய்தவளால்தான் அப்படி எழுத முடியும்.