நேர் கீழே

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "சாப்பாடு வேண்டாம்ப்பா. வயிறு எரியுது."

"டியூஷன்ல என்னம்மா ஆச்சு?" என்றார் அப்பா.

"தனிம அட்டவணையில முதல் இருபதையும் தலைகீழா ஒப்பிப்பேன். டீச்சர் அதைக் கேக்கவே இல்ல. பொட்டாசியத்தைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். பக்கத்துல இருந்தவ டக்குனு எழுந்துட்டா."

"படிச்சிருப்பா."

"அந்தப் பாடத்தை இன்னும் நடத்தவே இல்லப்பா! 'ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா இருக்கிறதெல்லாம் ஒரே குடும்பம், ஒரே குணம். சோடியமே தண்ணியில பத்திக்கும். பொட்டாசியம் அதுக்கு நேர் கீழே இருக்கு, இன்னும் வேகமாப் பத்திக்கும்'னு சும்மா கட்டத்தைப் பார்த்தே சொல்றா. எல்லாரும் கை தட்டுறாங்க!"

"அதுக்காக அவளோட அட்டவணை சார்ட்டை எடுத்துட்டு வந்து பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பியா?"

அதற்குள் வாசல் கதவு படாரென்று திறந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"தாத்தா! அம்மா என் சார்ட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க! நின்னுபோன படிப்பை இருபது வருஷம் கழிச்சு என்கூட ஒரே டியூஷன்ல தொடர வந்தா, பெத்த பொண்ணு மேலயா பொறாமைப்படுவாங்க? இப்பவே குடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா அவங்க நோட்டைக் கிழிச்சிடுவேன்!"

"பாருங்கப்பா, எவ்வளவு கோபம் வருது இவளுக்கு!"

அப்பா தட்டை மறுபடி மகள் பக்கம் நகர்த்தினார்.

"நேர் கீழே இருக்கிறது இன்னும் வேகமாப் பத்திக்கும்னு நீதானேம்மா சொன்னே?"