ரொனால்டுக்கான பாடம்

"இன்னைக்கும் உங்க மகன் வரலையா சார்?"

"ரொனால்டுக்குக் கூச்சம் டீச்சர். நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் வீட்டுல போயி அவனுக்குச் சொல்லிக்கிறேன்," என்றார் ஸ்தனிஸ்லாஸ், கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

ரூபி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிள்ளைக்குக் கூச்சமாம், அப்பா வந்து படிக்கிறாராம். இப்படி ஒரு வேடிக்கை எந்த ஊரிலாவது உண்டா?

திண்டுக்கல்லில் தேவாலயத்தை ஒட்டியிருந்த சமூகக்கூடத்தில், கம்ப்யூட்டரில் வீடியோ மிக்ஸிங் செய்ய இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். நாடகம் போடுகிறவர்கள், பாடுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தாள் ரூபி. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகுதான் ஸ்தனிஸ்லாஸ் வருவார். அதுவும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு.

ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. எந்தக் கல்யாண வீட்டிலும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் கேமராவோடு நின்றவர் அவர்தான். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை ஊரே சேர்ந்து நடிக்கிற பாஸ்கா நாடகத்தை வருஷா வருஷம் படம் பிடித்து கேசட் போட்டுக் கொடுத்தவரும் அவரே. இந்த வருஷம் நாடகக் கமிட்டி மாற்றிச் சொல்லிவிட்டது. கேசட்டெல்லாம் யார் பார்க்கிறார்கள், சி.டி.தான் வேண்டும், கம்ப்யூட்டர் மிக்ஸிங் தெரிந்த ஆளாக ரூபியே பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். கல்யாண வேலைகள் ஏற்கெனவே இளவட்டங்கள் பக்கம் போய்விட்டன. பாஸ்காவும் போனால் அவர் தன் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்.

"ரொனால்டு இதைக் கத்துக்கிட்டான்னா ஸ்டூடியோ பிழைச்சுக்கும் டீச்சர்," என்று அவர் வந்த அன்றே சொல்லியிருந்தார்.

பயிற்சிக்குப் பழைய பாஸ்கா கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள் ரூபி. மனுஷர் மவுஸைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே. விட்டால் ஓடிவிடும் என்று பயந்தவர் போல அமுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. மாதா அழுகிற இடத்தில் ஒரு நொடி கூடுதலாக விட்டு வெட்டினார் பாருங்கள், ரூபியே அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

பாதி தாண்டியபோது ஒரு சிக்கல். இயேசுவின் சீடர் இராயப்பராக நடித்தவர் கைக்கடிகாரத்தோடு மேடையில் நின்றார். ஸ்தனிஸ்லாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு, அதுவரை செய்த அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரூபி பதறிப்போய் ஏன் அழித்தீர்கள் என்று கேட்டாள்.

"நடுவுல தப்பு வந்தா முதல்ல இருந்துதானே டீச்சர் போடணும்?"

இரண்டு வீடியோ டெக்கை வைத்துக்கொண்டு ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றியே காலம் தள்ளியவர். டேப்பின் நடுவில் ஒரு துண்டை எடுக்க முடியாது, தப்பு வந்தால் திரும்பவும் ஏற்ற வேண்டும். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ரூபி அழித்ததை மீட்டு, கடிகாரம் தெரிந்த துண்டை மட்டும் உருவிக் காட்டினாள். முன்னாலும் பின்னாலும் இருந்தவை தாமாக ஒட்டிக்கொண்டன.

"இம்புட்டுத்தானா?" என்றவர், திரும்பவும் செய்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொனால்டு சந்தோஷப்படுவான் என்று மட்டும் சொன்னார்.

பாடம் முடிந்தது. அவர் மிக்ஸிங் செய்த துண்டைக் கமிட்டி பார்த்தது. இதைச் செய்தவருக்கே வேலை என்று முடிவானது. மறுநாள் மகனைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள் ரூபி.

வந்தது ஸ்தனிஸ்லாஸ் மட்டும்தான். கையிலிருந்த சிறுமலை வாழைப்பழச் சீப்பை மேஜையில் வைத்துவிட்டு உட்காராமலே நின்றார்.

"எனக்கு மகன் கிடையாது டீச்சர். நான் கல்யாணமே முடிக்கலை. இந்த வயசுல படிக்க வந்தேன்னு தெரிஞ்சா, என்கிட்ட வேலை பழகுன பயலுகளே சிரிப்பானுக. அதான் பொய் சொன்னேன். வேலையை வேற ஆளுக்குக் குடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. முகம் சுளிக்காமச் சொல்லிக் குடுத்தீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ரூபி எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். கமிட்டியிடம் முதலிலிருந்தே தான் சொன்னது அவர் பெயரைத்தான் என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மெட்ராஸ்ல இருந்து வந்த உங்களுக்கு, நான் பொய் சொல்றேன்னு எப்படித் தெரியும்?"

"மெட்ராஸ் வேலைக்குப் போன ஊரு. பிறந்து வளர்ந்தது நம்ம திண்டுக்கல் நாகல்நகர்தான். பொம்பளைப் பிள்ளைக்குக் கேமரா எதுக்குன்னு கேட்ட காலத்துல, ரெட்டைச் சடை போட்ட பிள்ளை ஒண்ணு உங்க ஸ்டூடியோவுக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தம்பிக்காகக் கேமரா கத்துக்கணும்னு சொல்லுச்சு. நீங்க மறுபேச்சு பேசாம அது தோள்ல கேமராவைத் தூக்கி வச்சீங்க."

ஸ்தனிஸ்லாஸின் முகம் மலர்ந்தது. "ஆமா, நல்ல சூட்டிகையான பிள்ளை. அதோட தம்பி பெரிய கேமராமேன் ஆயிருப்பானே, இப்ப எங்க இருக்கான்?"

ரூபி குனிந்து அவர் கால்களைத் தொட்டாள்.

"எனக்குத் தம்பியே கிடையாதுண்ணே."