இன்னொரு சுற்று

"ரவுண்டானா வழியாவே போயிடலாம்மா," என்றபடி முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார் அவர்.

எந்த வார்த்தை இன்றைக்குக் காதில் விழக் கூடாது என்று வேனக்கா காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாளோ, அதுவே முதல் வார்த்தையாக வந்து விழுந்தது.

மழலையர் பள்ளி வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. வேனக்கா என்று பெயர் வைத்ததும் குழந்தைகள்தான். பழைய டிரைவர் வேலையை விட்டுப் போனதும், "லைசென்ஸ் வாங்கிட்டு வா, வேனை நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. கெடு திங்கட்கிழமை. தவறினால் வேறு ஆள் வந்துவிடுவார். இதுவரை மூன்று முறை டெஸ்ட்டுக்குப் போய், மூன்று முறையும் ரவுண்டானாவுக்குள் நுழையப் பயந்தே கோட்டை விட்டிருந்தாள். போன தடவை நான்கு நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் வந்த வண்டிகள் ஹாரனில் கச்சேரியே நடத்திவிட்டன.

இன்றைக்குப் புது ஆபீசர் என்று சொன்னார்கள். டெஸ்ட்டுக்கு அண்ணன் தன் வண்டியைக் கொடுத்திருந்தான். "ஆபீசர் வந்து ஏறினா கிளம்பிடு, எனக்காக நிக்காதே" என்று சொல்லிவிட்டு, படிவத்தைக் கொடுக்க லைசென்ஸ் ஆபீசுக்குள் போயிருந்தான். அவள் வாசலில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தபோதுதான், கையில் ஃபைலோடு இவர் வந்து ஏறினார்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வைப்பர் போய்ப் போய்த் திரும்பி வரும் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சார், சிக்னல் வழியா வேணா போகலாமா?" என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"ஏன், ரவுண்டானா பிடிக்காதா?"

வாய்மொழிக் கேள்வி ஆரம்பித்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கிற வண்டிக்கு வழி விட்டுட்டு, அப்புறம்தான் உள்ள நுழையணும் சார்."

அவர் சிரித்தார். "அது புத்தகத்துல இருக்கறது. உங்களுக்கு எது பிடிக்கும்னு கேட்டேன்."

"சிக்னல்தான் சார். நில்லுன்னா நிக்கலாம், போன்னா போகலாம். தப்பு நடந்தாலும் பழி விளக்கு மேல. ரவுண்டானாவுல போன்னு சொல்ல ஆளே கிடையாது, நாமளே முடிவு பண்ணணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "எனக்கு அது பழக்கமில்ல சார். சின்ன வயசுல அப்பா, அப்புறம் அண்ணன். யாராவது பச்சை காட்டினாத்தான் நான் கிளம்புவேன்."

இதையெல்லாம் ஏன் இவரிடம் போய்ச் சொன்னோம் என்று உடனே வெட்கமாகிவிட்டது.

"நான் நேர் எதிர்," என்றார் அவர், கண்களைப் பாதி மூடியபடி. "சிக்னல்ல எல்லாரும் விளக்கையே பாத்துக்கிட்டு நிக்கறோம். பக்கத்து வண்டியில யார் இருக்காங்கன்னுகூடத் தெரியாது. ரவுண்டானாவுலதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கறோம். நீங்க முன்னாடி போங்கங்கறாங்க, நான் அப்புறம் வர்றேங்கறாங்க. எனக்கு அது பிடிக்கும்."

ரவுண்டானா வந்தது. நடுவில் வட்டப் புல்தரையும் வெள்ளைப் பூக்களும் நனைந்து கிடந்தன. வழக்கம்போல் அவள் கால் பிரேக்குக்குப் போனது. உள்ளே சுற்றி வந்த லாரியின் டிரைவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனிதர் நிதானமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். லாரி கடந்தது. அடுத்து வந்த காரில் இருந்த பெண் வேகத்தைக் குறைத்து, நீ வா என்பதுபோல் தலையை அசைத்தாள்.

வேனக்கா உள்ளே நுழைந்துவிட்டாள்.

நுழைந்த பிறகுதான் அது எவ்வளவு சாது என்று தெரிந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது போலவும், ஊர்தான் மெல்லச் சுற்றுவது போலவும் இருந்தது. மழையில் கரைந்த கடை விளக்குகள், நகரும் குடைகள், ஈரச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"மூணாவது வழியில..." என்று ஆரம்பித்தவர் அதற்குள் கண்ணசந்துவிட்டார். விழித்தபோது அந்த வழி பின்னால் போயிருந்தது.

"அடடா, விட்டுட்டோமா? பரவால்ல, இன்னொரு சுத்து போங்க. சிக்னலா இருந்தா ஒரு கிலோமீட்டர் போய்த்தான் திரும்பி வரணும்."

ஆபீசர் வேண்டுமென்றே சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பயம் வரவில்லை. இரண்டாவது சுற்றில் அவருக்கு மறுபடியும் கண் சொருகியது. மூன்றாவது சுற்றை யாரும் சொல்லாமல் அவளாகவே சுற்றினாள், ஆசைக்கு.

மூன்றாவது வழியில் திரும்பி இரண்டு தெரு தள்ளி, பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். நூல் பிடித்த மாதிரி ஓரமாக நிறுத்தினாள். ஆபீசர்கள் டெஸ்ட் வண்டியிலேயே வீட்டுக்குப் போய் இறங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

"சார்..." என்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமையிலேருந்து நான் ஓட்டலாமா?"

"திங்கட்கிழமை என்னம்மா, தினமும் ஓட்டுங்க. நானும் எத்தனையோ டாக்சியில ஏறியிருக்கேன், ரவுண்டானாவுல என்னைத் தூங்க வச்சது நீங்க ஒருத்தர்தான்," என்றபடி பர்ஸை எடுத்தார். "வாடகை எவ்வளவு?"

அவள் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. எடுத்ததும் அண்ணன் கத்தினான். "என் டாக்சியோட எங்க போயிட்ட நீ? ஆபீசர் அரை மணி நேரமா உனக்காக இங்க நிக்கறாரு. பயப்படாம வா, மழையா இருக்கு, இன்னிக்கு ரவுண்டானா வேணாம், சிக்னல் வழியே போதும்னுட்டாரு."