கிளை தாங்காத அழுகை

சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத புயல் ஒன்று கிளம்பியது. வேப்பமரத்துக் காகத்தின் கூடு ஒரு பக்கம் பிரிந்து, உள்ளே இருந்த குஞ்சுகள் விளிம்புக்குச் சரிந்துவிட்டன. தாய்க்காகம் ஒரு குரல் கொடுத்தது. ஊர்க் காகமெல்லாம் பறந்து வந்து கூடு இருந்த அதே கிளையில் உட்கார்ந்தன.

"ஐயோ, வானமே கெட்டுப்போச்சே!" என்று ஒன்று கதறியது.

"என் கூப்பாட்டுக்கு ஏழு தெரு பதில் சொல்லுது, கேட்டியாக்கா?" என்றது இன்னொன்று.

"நீயும் இன்னும் கொஞ்சம் சத்தமா அழு தாயி. அப்பத்தான் ஆத்துக்கு அந்தப் பக்கமும் கேக்கும்" என்றது மூன்றாவது.

பாரத்தில் கிளை நெறுநெறுவென்று வளைவது தாய்க்கு மட்டும்தான் கேட்டது.

"அழுறவங்க எல்லாம் அடுத்த மரத்துக்குப் போங்க. என் கூட்டுக்குக் குச்சிதான் வேணும்" என்றது.

"பாசத்தோட அருமை தெரியலையே இவளுக்கு!" என்று கோபித்துக்கொண்டு கூட்டம் பறந்தது. கிளை நிமிர்ந்தது. அடுத்த மரத்தில் இப்போது தாயைப் பற்றித்தான் கூப்பாடு.

ஒரு காகம் மட்டும் போகவில்லை.

"நீ ஏன் அழவே இல்ல?" என்று தாய் கேட்டது.

அது வாயைத் திறக்கவில்லை. அலகில், கூட்டைக் கட்ட ஒரு துண்டுக் கம்பி இருந்தது.