அடி பிடிக்கலை

மெனு அட்டையைப் பார்த்ததுமே இவெலிஸ் அம்மாளுக்கு முகம் கறுத்தது.

"ஒனேலியா, இதைப் படி. 'நெர்சிதாவின் கொங்கோன்'. போயும் போயும் அந்தத் திருடி பேரையா வைக்கணும்?"

தங்கை ஒனேலியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்படித்தான் போட்டிருந்தது.

மகன் ராதமேஸ் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் திறந்திருக்கும் புது மாதிரி உணவகம் அது. சட்டம் படிக்காமல் கரண்டி பிடிக்கப் போகிறேன் என்றதற்காக அப்பா அவனை வீட்டை விட்டே துரத்தியவர். அவர் கண்ணை மூடிய பிறகுதான் அம்மா இங்கே காலெடுத்து வைக்கிறாள்.

தட்டு வந்தது. பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிப் பிடித்த சோறு, அதுதான் கொங்கோன். அதன் தலையில் ஜப்பான்காரர்கள் பாணியில் வேகவைக்காத பச்சை மீன், சுற்றிலும் தேங்காய்ப்பால் விட்ட துவரைச் சாறு. ஒனேலியா ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். இவெலிஸ் அம்மாள் தொடவில்லை.

நெர்சிதா அவர்கள் வீட்டில் சமைத்தவள். எந்த வீட்டிலும் மதியச் சாப்பாட்டில் கொங்கோனுக்குத்தான் அடிதடி. ராதமேஸ் வீட்டை விட்டுப் போன அந்த வருஷம் மட்டும் அது மேஜைக்கே வரவில்லை. கேட்டால், "இன்னிக்கு அடி பிடிக்கலைம்மா" என்பாள்.

"ஒருநாள் சமையலறையில எட்டிப் பார்த்தேன், ஒனேலியா. பானையைச் சுரண்டிச் சுரண்டி டப்பாவில அடைக்கிறா. எங்க வீட்டுக்காரர் முன்னாலேயே திருடின்னு கேட்டேன். பதிலே பேசலை. அப்பவே வெளியே அனுப்பிட்டேன்."

ராதமேஸ் வந்தான். குனிந்து ஆசீர்வாதம் கேட்டான். கடவுள் காப்பாத்துவார் என்றாள் அம்மா.

"ஏம்மா சாப்பிடலை? வீட்டை விட்டுப் போனப்ப என் உசிரைப் பிடிச்சு வச்சதே இதுதான்."

"எதுடா?"

"நெர்சிதா தினமும் நம்ம வீட்டுப் பின்வாசல்ல வந்து தருவாங்களே. அரிசியை அப்பா அளந்துதானே கொடுப்பாரு. பானையடியை யாரு அளக்கிறது?"

மகன் யாரோ சிநேகிதன் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான் என்றல்லவா அம்மாள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. ஒருநாள்கூட யாரையும் விசாரிக்கவில்லை.

"அவ எங்கேடா இருக்கா? நான் போய்ப் பார்க்கணும்."

"கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்கம்மா."

"திருடின்னு சொல்லித் துரத்தினேனேடா. என்னை எப்படியெல்லாம் சபிச்சாளோ."

ராதமேஸ் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத்தான் உங்க மேல கோபம். அவங்க விடவே இல்லை. 'அப்பா பக்கத்துல நிக்கிறப்ப உங்கம்மா வேற என்ன தம்பி செய்வாங்க? திட்டுற மாதிரி நடிச்சாங்க'ன்னு சொல்லுவாங்க."

ஒனேலியா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாங்கம்மா. 'கொங்கோன் தினமும் எங்கே போகுதுன்னு பெத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்?'னு."