வேற கை படக் கூடாது

பன்னிரண்டாம் வகுப்பில் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பாடத்துக்கு இப்போது பொம்மை செல்லாது. நிஜமாகவே ஒருவரைப் பிழைக்க வைத்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் இடம்.

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்காரர் ஒருவர் சுருண்டு விழுந்தார். ஓடிவந்து மண்டியிட்ட கண்டக்டரை அகல்யாவின் அப்பா பொன்னுரங்கம் பிடித்து இழுத்தார்.

"நீங்க தள்ளுங்க. எம் பொண்ணுக்கு இது பரீட்சை."

அகல்யா அழுத்தத் தொடங்கினாள். அப்பா போனில் படம் பிடித்தார். சிறிது நேரத்தில் அவள் கைகள் தளர்ந்தன.

"அண்ணா, நீங்க மாத்திக்குங்க," என்றாள் கண்டக்டரிடம்.

"வேற கை பட்டா மார்க் போயிரும் கண்ணு. நீயே அழுத்து," என்றார் அப்பா.

அவர் கண் போன் திரையைவிட்டு நகரவில்லை. அகல்யா கண்டக்டரின் கையை இழுத்து அந்த நெஞ்சின்மேல் வைத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பழக்கடைக்காரருக்கு மூச்சு திரும்பியது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்த வீடியோவை அழித்தார். முன் சீட்டில் ஒரு பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருமியதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"கண்ணு, அவருக்குப் பக்கத்துல போய் உட்காரு," என்றார் மெதுவாக.

அகல்யா எழுந்து போனாள்.

"ஐயா, அடுத்த ஸ்டாப்புல ஆஸ்பத்திரி இருக்குதுங்க. இப்பவே இறங்கிக்கலாம், நானும் கூட வர்றேன்," என்றாள்.

அப்பா கூப்பிடக் கூப்பிட, அவரைத் திரும்பிப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.